வெப்சைட்டுக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள். ஆனால் பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்களும், மாடியில் ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்களும், அவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன் என்று கிளம்பியிருக்கும் சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகளும் இன்றைக்கே படித்துவிடுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் என்னிடம் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போடுகிறான். வீட்டுக்கு மேலே இரண்டு ரூம். “சார், வெப்சைட் போட்டு மூணு வருஷம் ஆச்சு. முப்பதாயிரம் குடுத்தேன். அதைப் பாத்துட்டு ஒரு ஆள்கூட வரலை” என்றான். எங்கே காட்டு என்றேன். போனில் திறந்தால் ஏதோ சீட்டாட்ட விளம்பரம் வந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். செய்து கொடுத்தவர் டொமைன் பெயரைத் தன் கணக்கில், தன் மெயிலில் வாங்கியிருக்கிறார். வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று இவனிடம் சொல்லவில்லை, அல்லது சொன்னது இவன் காதில் ஏறவில்லை. இப்போது அவர் போன் எடுப்பதில்லை. பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அவன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கெட்டிக்காரி. பழைய பக்கத்தை எப்போதோ போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பார்த்தேன். மேலே பனி மூடிய ஒரு மலை. நம் மலை இல்லை, சுவிட்சர்லாந்தோ எதுவோ. அது தானாக நகர்ந்தால் கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள். அதற்குக் கீழே முன்னணி ஏற்றுமதியாளர்கள், தரமே தாரக மந்திரம் என்கிற தினுசில் ஆங்கிலத்தில் இரண்டு பத்தி. பூண்டுப் படம் இருந்தது, அதுவும் நம் பூண்டு இல்லை. விலை இல்லை. பூம்பாறை என்ற பெயர் மொத்தமே ஒரு இடத்தில். போன் நம்பர் கடைசியில், அதுவும் படத்துக்குள் எழுதியிருந்தது. விரலால் தொட்டால் கால் போகாது.

“இதை யாருக்குடா எழுதினே?” என்றேன். விழித்தான்.

நான் தமிழ் வாத்தியார். கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது அனுப்புநர், பெறுநர் என்று எழுதாமல் நேரே விஷயத்துக்குப் போனால் மதிப்பெண் குறைப்பேன். ஞாபகம் இருக்கும். அந்தப் பக்கத்தில் அனுப்புநர் யார் என்று தெரியவில்லை, பெறுநரும் இல்லை. நடுவில் அலங்காரம் மட்டும் இருந்தது. முப்பதாயிரம் போனது அதற்குத்தான்.

நீ தோட்டத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கும்போது, ராத்திரி அசந்து தூங்கும்போது, வெளியூர்க்காரர் கேட்கிற கேள்விக்கு உனக்குப் பதிலாக நின்று பதில் சொல்கிற ஆள்தான் வெப்சைட். என்னுடைய கருத்து இவ்வளவுதான். அப்படியென்றால் கேள்வி என்னவென்று முதலில் தெரிய வேண்டாமா? கம்ப்யூட்டர்காரரிடம் போவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு, பதினைந்து நாள் போனில் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் வார்த்தையிலேயே எழுது என்று சொல்லி அனுப்பினேன். எழுதியது அவன் இல்லை, மகளும் மனைவியும்தான்.

பதினைந்து நாள் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார்கள். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம். “ஈ-பாஸ் வேணுமா, எப்படி எடுக்கறது?” “கொடைக்கானல்ல இருந்து எவ்வளவு தூரம், ரோடு எப்படி?” “காலைல வெந்நீர் வருமா?” “கார் வீடு வரைக்கும் வருமா?” “உங்க ஊர்ல எந்த சிம் எடுக்கும்?” “சாப்பாடு வீட்ல செய்வீங்களா, வெளிய போகணுமா?” பூண்டு கேட்டவர்கள் வேறு மாதிரி. “கிலோ என்ன? கூரியர் சேர்த்தா, தனியா?” “பச்சைப் பூண்டா, புகை போட்டதா?” “நிஜமாவே மலைப்பூண்டுதானா?” கடைசிக் கேள்வி பல பக்கங்களில் இருந்தது. ஒருவர்கூட “உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன” என்று கேட்கவில்லை.

நோட்டைப் பார்த்ததும் இன்னொன்றும் தெரிந்தது. ரூம் கேட்பவரும் பூண்டு கேட்பவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் வண்டி ஏறப்போகிறவர், இன்னொருவர் மதுரையிலோ சென்னையிலோ அடுப்படியில் நிற்பவர். இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தினால் இருவருமே தேடிச் சலித்துப் போய்விடுவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். முகப்பில் இரண்டே வாசல் போதும்.

ரூம் விஷயத்தை முதலில் சொல்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு ஈ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கும் வைத்தார்கள்: சாதாரண நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000. இதன் பொருள் என்ன? நம் ஊருக்கு வருகிறவர் வத்தலக்குண்டு தாண்டும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து போனைத் திறந்து ஒரு பக்கத்தில் பதிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கிறது, மனதில் கொடைக்கானல் இருக்கிறது. உன் பக்கத்தை அவர் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆகவே “வருவதற்கு முன்” என்று ஒரு பத்தி போட்டு, அரசு ஈ-பாஸ் தளத்துக்கு ஒரு தொடுப்புக் கொடு. விதியையும் எண்ணிக்கையையும் உன் பக்கத்தில் நகல் எடுத்து வைக்காதே. விதி மாறும், நீ மாற்ற மறப்பாய், அவர் செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு உன்னைத் திட்டுவார். அரசு பஸ்ஸில் வந்தால் பாஸ் வேண்டாம் என்பதையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்கு மேலே கூடாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கொடைக்கானலிலிருந்து நம் ஊர் சுமார் 20 கிலோமீட்டர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மேலே ரோட்டோரம் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, படிப்படியாக இருக்கிற வயலையும் ஓட்டு வீடுகளையும் செல்ஃபி எடுத்துக்கொண்டு, மன்னவனூருக்குப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் இறங்குவதே இல்லை. குழந்தை வேலப்பர் கோயிலைக்கூடப் பார்ப்பதில்லை பல பேர். அந்தப் படத்தில் இருக்கிற வயல் யாருடையது? நம்முடையது. அதில் நமக்குக் கிடைப்பது? ஒரு டீக் காசுகூட இல்லை. அவர்களைக் கீழே இறக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும், வழியும் சொல்ல வேண்டும். கூகுள் மேப்பில் இவன் வீடு இருக்கிறதா என்று பார்த்தேன். குத்தியிருந்த புள்ளி காட்சிமுனைக்குப் பக்கத்தில் இருந்தது! வெப்சைட்டுக்கு முன்னால் அதைச் சரிசெய்யச் சொன்னேன். அது இலவசம். வீட்டு முகப்பின் படம், கோயிலிலிருந்து எந்தச் சந்து, கார் எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், இவை இருந்தால் பாதி போன் கால் குறையும்.

முன்பணம், ரத்து இரண்டையும் மறைக்காமல் எழுதவேண்டும். நம் மலையில் மழை பெய்தால் மரம் விழும், மண் சரியும். 2018 கஜா புயலில் பட்ட பாடு மறந்திருக்காது. ரோடு அடைத்து வரமுடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? இதற்கு ஆம், இல்லை என்று ஒரு பதில் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஆன்லைனில் போலி ரூம் காட்டிப் பணம் பறித்த கதைகளைக் கேட்டுக் கேட்டு ஜனங்கள் பயந்துபோயிருக்கிறார்கள். முகம், முகவரி, நம்பர், விதி நான்கும் வெளிப்படையாக இருந்தால்தான் ஆயிரம் ரூபாய் அனுப்புவார்கள். (அனுமதி வாங்காமல் ரூம் விடுகிறவர்கள் அதை வெப்சைட்டிலும் போட்டுக்கொள்வது, தானே போய் மாட்டிக்கொள்கிற வேலை. முதலில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்விட்டு வாருங்கள்.)

இனிப் பூண்டு. எனக்கு மனசு வலிக்கிற இடம் இதுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டுதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும். பேப்பரில் வந்த அன்றைக்கு நாமெல்லாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! ஆனால் இன்றைக்கு ஆன்லைனில் மலைப்பூண்டு என்று தேடிப் பாருங்கள். எந்த மண்ணில் விளைந்தது என்று தெரியாத பூண்டெல்லாம் நம் மலையின் பெயரைச் சுமந்துகொண்டு விற்கிறது. நம் ஆள் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையை ஏற்றி அனுப்புகிறான். சரக்கு அங்கே கைமாறும்போது அவன் பெயர் சாக்கோடு போய்விடுகிறது. “நிஜமாவே மலைப்பூண்டுதானா?” என்று நோட்டு முழுக்க வந்த கேள்விக்கு யார் பதில் சொல்வது?

விளைவித்தவன்தான் சொல்ல முடியும். நடும்போது ஒரு படம், பிடுங்கும்போது ஒரு படம், புகை மூட்டத்துக்குக் கீழே கட்டுக் கட்டாகத் தொங்கும்போது ஒரு படம். கடன் வாங்கின படம் ஒன்றுகூட வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறோம். எந்த மாதம் புதுப்பூண்டு, எந்த மாதம் புகை போட்டுச் சேமித்தது என்று எழுது. புகை போட்டதன் தோல் ஏன் கறுத்திருக்கிறது, ஏன் அந்த வாசம் வருகிறது, ஏன் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்று எழுது. தெரியாதவர் பார்சலைப் பிரித்துப் பார்த்து “அழுக்குப் பூண்டு அனுப்பிட்டான்” என்பார். தெரிந்தவர் அதைத்தான் கேட்டு வாங்குவார். சரக்கு தீர்ந்துவிட்டால் “இப்போது இல்லை, அடுத்த பிடுங்கலுக்குப் பிறகு” என்று தைரியமாகப் போடு. இல்லை என்று சொல்கிறவனை ஜனங்கள் நம்புவார்கள். வருடம் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது என்பவனிடம்தான் சந்தேகம் வரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டது, ஆகவே அந்த முத்திரையை நான் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்! இருந்தும் நம் பிள்ளைகளிடம் கேட்டால் “அப்படி ஒண்ணு இருக்கா சார்?” என்கிறார்கள். முப்பதாயிரம் கொடுத்துச் சுவிட்சர்லாந்து மலையைப் போட்டவன் இந்தப் பத்து ரூபாய்ப் பதிவுக்கு அலைந்திருந்தால், அவன் பக்கத்தில் யாரும் திருட முடியாத ஒரு வரி இருந்திருக்கும்.

மருத்துவக் குணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். பூண்டு இருதய அடைப்பை நீக்கும், சர்க்கரையைக் குணமாக்கும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதாதீர்கள். பாட்டி சொன்னாள் என்பது வேறு, விளம்பரத்தில் நோய் தீரும் என்பது வேறு. 1954லிருந்தே அதற்கென்று சட்டம் இருக்கிறது. அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் பாவம் நமக்குத்தான். அதேபோல் விளைந்த பூண்டை அப்படியே விற்கும் விவசாயிக்கு ஒரு கணக்கு. தேனில் ஊறவைத்தது, ஊறுகாய் என்று போனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, அந்த 14 இலக்க எண்ணைப் பக்கத்தில் போடவேண்டும்.

“எதுக்கு சார் இவ்வளவு, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் போதாதா?” என்று என் தங்கை மகன் கேட்டான். நியாயமான கேள்வி. பலருக்குப் போதும். மொத்தச் சரக்கையும் கமிஷன் கடைக்கே போடுகிறவருக்கு வெப்சைட்டே வேண்டாம், அந்தப் பணத்துக்கு உரம் வாங்கலாம். ஆனால் நேரடியாக விற்கிறவருக்கு ஒன்று சொல்வேன். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் பல மணி நேரம் படுத்துக்கொண்டன. இதைவிடப் பாடம் 2024 மார்ச்சில் நடந்தது. கூகுள் தன் வணிகக் கணக்கோடு சிறு கடைகளுக்கு இலவச வெப்சைட் கொடுத்துவந்தது, அதை மூடிவிட்டது. அந்த ஜூன் 10 வரைக்கும் பழைய முகவரிக்கு வருகிறவர்களை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், அதன்பின் அதுவும் இல்லை. அதை மட்டுமே அச்சடித்து விசிட்டிங் கார்டில் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? குத்தகை நிலத்தில் காய்கறி போடலாம், தப்பில்லை. கிணறு வெட்டக்கூடாது.

டொமைன் பெயர்தான் பட்டா. வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். யார் செய்து கொடுத்தாலும் சரி, சொந்த மருமகனே செய்தாலும் சரி, அது உன் பெயரில், உன் மெயிலில், உன் போன் நம்பரில் இருக்கவேண்டும். பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வை. காலாவதி தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடு. தீர்வை கட்டுகிற மாதிரிதான். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது போனில் ஒருமுறை சொல்லிப் பார். கேட்டவர் சரியாக எழுதினால் எடு. பூம்பாறையை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு ‘ஓ’ போடுபவரும் உண்டு, ஒரு ‘யூ’ போடுபவரும் உண்டு. இவன் மகள் அவள் வகுப்பில் ஐந்து பேரிடம் சொல்லி எழுத வைத்தாள், நான்கு விதமாக வந்தது! அந்தப் பெயரை விட்டுவிட்டு, ஒரே மாதிரி எழுதக்கூடிய வேறொன்றை எடுத்தோம்.

இதைக் கட்டுகிற கம்ப்யூட்டர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பெரிய கண்ணாடி ஆபீசில் வேகமான வைஃபையில் பார்த்துவிட்டுச் சூப்பர் என்கிறீர்கள். பார்க்கப்போகிறவர் மலை ஏறுகிற பஸ்ஸில், ஒரு கோடு சிக்னலில் இருப்பவர். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் பெருமாள்மலை வருவதற்குள் திறக்காது. இருநூறு கேபிக்குள் சுருக்குங்கள், நகரும் படம் வேண்டாம். விலையும் நம்பரும் எழுத்தாக இருக்கட்டும், படத்துக்குள் வேண்டாம். நம்பரைத் தொட்டால் கால் போகவேண்டும். தமிழ் முதலில், ஆங்கிலம் சுருக்கமாகக் கீழே. தமிழை யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டினால் மற்றவர் போனில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும், தேடினாலும் கிடைக்காது.

தமிழ் வாசகத்தை இந்த முறை ஏதோ ஏஐயிடம் கேட்டு வாங்கிவந்தாள் மகள். “இயற்கை எழில் கொஞ்சும் மலைகளின் மடியில்” என்று ஆரம்பித்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அடித்துவிட்டேன். பழக்க தோஷம். “எங்கள் வீடு பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மாடியில் இரண்டு ரூம் இருக்கிறது” என்று அவளையே எழுத வைத்தேன். எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய புத்தாண்டு வாழ்த்து இன்னமும் தொங்குகிற பக்கத்தைப் பார்த்தால் கடை மூடிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பூண்டு விலை வாரத்துக்கு வாரம் ஆடும். ஆகவே ஞாயிறு மாலை பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம்: விலை, இருப்பு, எந்தத் தேதி ரூம் காலி. தேரோட்டத் தேதி தெரிந்ததும் அதுவும். இதை அப்பா செய்யமாட்டார், நான் செய்கிறேன் என்று மகள் பொறுப்பெடுத்தாள். அவள் காலேஜுக்குப் போய்விட்டால் அம்மாவுக்குப் பழக்கவேண்டும், இப்போதே உட்கார வைத்திருக்கிறாள்.

புதுப் பக்கம் போன மாதம் வந்தது. மொத்தம் மூன்று பக்கம்தான். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் மதுரையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாராம். ஈ-பாஸ் எடுத்துவிட்டார், வழி தெரியும், வெந்நீர் தெரியும், விலை தெரியும், எல்லாம் படித்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “என் மாமியாருக்கு மூட்டு வலி, மாடிக்கு எத்தனை படி?”

நோட்டில் அந்தக் கேள்வி இல்லை. இவன் ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்து, பதினேழு படி, கைப்பிடி இல்லை என்று சொல்லியிருக்கிறான். அன்றிரவே மகள் அதைப் பக்கத்தில் சேர்த்துவிட்டாள். கைப்பிடிக்கு வத்தலக்குண்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறார்கள். அந்த மாமியார் வருகிற சனிக்கிழமை வருகிறார், அதற்குள் வந்துவிடும் என்கிறான்.